பக்கம் நூற்று நாற்பத்தொன்று

புன்டா அரேனாஸில் காற்றுக்காகத் தெருவில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பிடித்து நடக்க.
நான் இவானியா ஓயார்சோ.
ஜலசந்தியைக் கடக்கும் படகுக்குச் சீட்டுக் கிழிப்பவள்.
வெறும் லாரிக்கு ஒரு விலை, ஆடு ஏற்றிய லாரிக்கு வேறு விலை.
இரவில் கொலை செய்வேன்.

மூன்று குளிர்காலம் எடுத்தது ஒரு கொலைக்கு.
கம்பளிப் பண்ணை. ரோமம் வெட்டுகிறவர்கள் பதினோரு பேர்,
காலையில் எண்ணினால்
கத்திரி பத்து.

சாந்தியாகோ பதிப்பாளர் பதில் போட்டார்
பதினான்கு மாதம் கழித்து, இரண்டு வரி.
அதிலும் என் பெயரில் ஓர் எழுத்துப் பிசகு.
சரி, நானே கடை போடுகிறேன் என்றேன்,
வாசலும் கதவும் இல்லாத கடையில்.

அட்டை செய்தவன் கிளேபர், ஃபோன் திரை மாற்றுகிற பையன்.
கூலி ஒரு முழுக்கோழி, இரண்டு பியர்.
"தலைப்பைப் பெரிசாக்கு. உலகம் உன்னைக்
கட்டைவிரல் நகத்தளவில்தான் பார்க்கும்" என்றான்,
எலும்பைச் சப்பிக்கொண்டே.

படிவம் ஏழு தேடுசொல் கேட்டது.
ஆடு. கொலை. காற்று. விதவை. படகு. குளிர்.
ஏழாவதற்கு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து
மறுபடி காற்று என்றே போட்டேன்.
விலை: இரண்டு டாலர் தொண்ணூற்றொன்பது.
மூன்று என்று அடிக்கக் கை கூசியது.

வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது.

முதல் வாரம் நான்கு விற்றது.
ஒன்று அக்கா.
ஒன்று அக்கா, தவறுதலாக.
ஒன்று நான், எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க.
நான்காவதற்கு மூன்று பேரைச் சந்தேகித்தேன்,
மூவரிடமும் சாட்சி இருந்தது.

பிறகு ஒரு விமர்சனம். இரண்டு நட்சத்திரம்.
"ஆசிரியருக்குப் படகைப் பற்றி எதுவும் தெரியவில்லை."
பத்தொன்பது வருடமாக அந்தப் படகின் டீசல் நாற்றம்
என் தலைமுடியில் இருக்கிறது.

சந்தாக்காரர்களுக்குத் தனிக் கணக்கு:
எத்தனை பக்கம் படித்தார்களோ அத்தனைக்குக் காசு,
ஒரு பக்கத்துக்கு அரைச் சென்ட்கூட வராது.
செப்டம்பர் மூன்றில் அந்த வெற்றுக் கட்டத்தில்
ஒரு குச்சி முளைத்தது. ஒன்பது.
மறுநாள் ஆறு. ஞாயிறு இருபத்திரண்டு.
பெயரில்லை, ஊரில்லை, ஆணா பெண்ணா தெரியாது.
பக்கம் மட்டும் தெரியும்.
கூட்டிக்கொண்டே வந்தேன், சீட்டுகளின் பின்புறத்தில்.

நூற்று நாற்பத்தொன்றில் நின்றது.

பன்னிரண்டு நாள்.
கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கத்தில் யாரும் சாகவில்லை.
விதவை கத்திரியைக் கழுவுகிறாள்,
துடைக்கிறாள், கரண்டிகளோடு சேர்த்து வைக்கிறாள். அவ்வளவுதான்.
சலித்துவிட்டதா?
சந்தா தீர்ந்துவிட்டதா?
இல்லை, அந்த வீட்டிலும்
கழுவி வைக்க வேண்டியது ஏதாவது இருந்ததா?

மின்புத்தகம் உறைவதில்லை, எந்நேரமும் திருத்தலாம்.
ஒரு காற்புள்ளியை எடுத்தேன்.
திரும்ப வைத்தேன்.

அக்டோபரில் காற்று நூற்றிருபதைத் தாண்டிய அன்று
துறைமுகத்தை மூடினார்கள்.
காத்திருப்புக் கூடத்தில் இருபத்தேழு பேர், ஒரு நாய்.
விளக்கை அணைத்த பிறகு
போர்வைக்குள் அங்கங்கே நீலமாக முகங்கள்.
இரண்டு மணிவாக்கில் யாரோ மூச்சை உள்ளிழுத்தது கேட்டது.
திரும்பிப் பார்த்தேன். எல்லாத் தலையும் குனிந்தே இருந்தது.

காலையில் குச்சி கட்டத்தின் உச்சியைத் தொட்டது:
நூற்று அறுபத்துமூன்று.
முந்நூற்று நான்கில் நூற்று நாற்பத்தொன்று போக மிச்சம்.

மெக்ஸிகோவில் யாரோவாகவும் இருக்கலாம்.
தெரியும்.
ஆனாலும் அன்று சீட்டு நீட்டிய
ஒவ்வொரு கட்டைவிரலையும் பார்த்தேன்.
அத்தனை நாளும் எண்ணிய பக்கம்
முதல்முறையாக என் பக்கம் திரும்பியதுபோல.

வருமானம் எழுபத்துமூன்று சென்ட்.
குறைந்தபட்சத் தொகை சேரும்வரை கணக்கிலேயே நிற்கும் என்றது கடை.
நிற்கட்டும்.
அடுத்ததைத் தொடங்கிவிட்டேன்.
அதில் சாகப்போகிறவருக்குப்
படகைப் பற்றி எல்லாம் தெரியும்.